தன்விதி, தன் விதி

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

முதல் எட்டு அச்சுப் படிவங்களின் இரண்டாம் மெய்ப்பு இத்துடன் இருக்கிறது. பதிப்பாளர் மூன்று தடவை நினைவூட்டிவிட்டார். மெய்ப்புத் திருத்துவது என் வயிற்றுப்பாடு. அதனால்தான் நீங்கள் மொழிபெயர்த்த தத்துவப் புத்தகம் இன்னும் என் மேசையில் இருக்கிறது, இல்லாவிட்டால் கையால் தொட்டிருக்க மாட்டேன்.

தொலைபேசியில் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று வகுப்பில் பேசுவீர்களே, அதே குரல். "அவர் வந்து கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. அவ உள்ளே இருக்கான்னு சொன்னேன்." சொல்லிவிட்டு, அடுத்த மெய்ப்பு எப்போது வரும் என்று கேட்டீர்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு இடது மணிக்கட்டில் இரண்டு முறிவு. தாடை எலும்பு விரிசல் விட்டு, வீங்கி, வாய் பாதிதான் திறக்கிறது, ஸ்ட்ரா வைத்துப் பால் குடிக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டிலிருந்து அவளை அழைத்துப் போன அவள் புருஷன், அந்த மருந்துக்கடைக்காரன், சனிக்கிழமை காலையில் இதைச் செய்தான். முடித்துவிட்டுத் தன் கடையிலிருந்தே களிம்பு எடுத்துவந்து பொறுமையாகத் தடவினானாம். அடுத்த வீட்டு அம்மாள் கதவை உடைக்காத குறையாகத் தட்டி அவளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பதினொரு நாள் அவள் உங்கள் பின்னறையில் இருந்தாள். என் விடுதி அறைக்கு வந்தால் அவன் முதலில் அங்கேதான் தேடுவான், அண்ணன் வீட்டுக்குப் போ என்று அனுப்பியவளே நான்தான். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நீங்கள் கூப்பிட்ட அன்று நான் உங்கள் நான்காம் அத்தியாயத்தில் இருந்தேன். கொலைகாரன் ஒருவன் வாசலுக்கு வந்து, உன் வீட்டில் ஒளிந்திருப்பவன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று அந்த மூத்த ஜெர்மானியத் தத்துவ ஞானி சொல்கிற இடம். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து எழுதிய உதாரணம். அதை நம் வீட்டு வாசலில் வைத்துச் செய்து பார்க்க உங்களால் முடிந்திருக்கிறது.

வழக்கு மார்ச் பன்னிரண்டாம் தேதி வருகிறது. அதுவரை அவளை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ள டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அவன் அக்காவை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டிருக்கிறோம். வக்கீலம்மா சொல்வது இதுதான்: அவள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் என்ன இருந்தது, எப்படி நடந்தாள், அவன் எப்படிக் கூட்டிக்கொண்டு போனான் என்பதையெல்லாம் பார்த்த ஒரே ஆள் நீங்கள். வந்து சொல்ல வேண்டும். உத்தரவு கிடைக்காவிட்டால் மருத்துவமனையிலிருந்து அவள் போக வேண்டிய இடம் அவன் வீடுதான் என்று அவன் தரப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. வருவீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 9

அன்புள்ள குட்டி,

மெய்ப்பும் கடிதமும் வந்தன. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவள் நீ. முப்பத்தேழு வயதில் திடீரென்று 'நீங்கள்' என்கிறாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபம் வாதம் ஆகாது. மூத்தவரின் அந்த உதாரணத்தைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அவர் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார். முதலாவது, பொய் சொல்கிறவன் எதிரில் இருப்பவனை ஒரு கருவியாக நினைத்துத் தனக்கு வேண்டிய பக்கம் திருப்புகிறான். இரண்டாவது, நான் பொய் சொன்னால் அதற்கப்புறம் நடப்பது முழுவதற்கும் நானே பொறுப்பாளி. உண்மையைச் சொன்னால், பின்னால் நடப்பது செய்தவனின் பொறுப்பு. மாப்பிள்ளை செய்தது மாப்பிள்ளையின் செயல். அவர் சுதந்திரமான மனிதர், அன்றைக்கு வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். மூன்றாவதாக ஒன்று சொல்ல நினைத்தேன், இப்போது நினைவுக்கு வரவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. உன் அக்காவுக்கு நேர்ந்ததைக் கேட்டு இரண்டு நாள் ஒரு வரிகூட மொழிபெயர்க்க முடியவில்லை. ஆனால் வருத்தம் வேறு, குற்றம் வேறு. மாப்பிள்ளை வாசலில் நின்று நேருக்கு நேர் கேட்டார். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

சாட்சி சொல்வது பற்றி யோசிக்க வேண்டும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் கூப்பிடாத இடத்தில் போய் நிற்பது என் கடமையா என்பது தனிக் கேள்வி. ஜூன் மாதம் துறைத்தலைவர் பொறுப்பு என் பக்கம் வரும்போல் இருக்கிறது. குடும்ப விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் கல்லூரியில் என்ன பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியாததில்லை. மாப்பிள்ளையும் ஊரில் மதிப்பு உள்ளவர்.

மெய்ப்பு விஷயம். 'தன்விதி' என்று நான் எழுதிக் கொடுத்ததை அச்சுக்கோர்த்தவர் எல்லா இடத்திலும் 'தன் விதி' என்று பிரித்துவிட்டார். அதைச் சேர்த்துவிட்டாய், சந்தோஷம். முதல் மெய்ப்பில் அந்த இடைவெளிகளை அடைக்க ஒட்டுக்குறி போட்ட பென்சில் என்னுடையது இல்லை, உன் அக்காவுடையது. ஒருவர் கையெழுத்துப் படியைச் சத்தமாகப் படித்தால்தான் இன்னொருவர் மெய்ப்பைப் பார்க்க முடியும். ஆள் தேவைப்பட்டது, அவள் சும்மாதான் இருந்தாள். ஏழாம் அத்தியாயத்தை, நீ மீசைக்காரர் என்பாயே, அந்தப் பிந்தைய ஜெர்மானியரைப் பற்றியது, எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். புத்தகத்தின் தொனிக்கு ஒட்டவில்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

'உன் அக்கா' இரண்டு இடத்தில். 'மாப்பிள்ளை' நாலு இடத்தில். எண்ணுவது என் தொழில். அவள் உங்களுக்கு யார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்த மாப்பிள்ளைக்கு மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

'நீங்கள்' உறுத்துகிறதா? உறுத்தட்டும். தள்ளி நிற்க நம் மொழியில் எனக்குக் கிடைத்த சொல் அதுதான்.

பென்சில் யாருடையது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அவள் போடும் சுழி எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். நேற்று மருத்துவமனையில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பாதி வாயால் சொல்வதால் நேரம் பிடித்தது. "சுதந்திரம் என்பது கமா" என்று நிறுத்தற்குறிகளையும் வாய்விட்டுப் படித்துப் படித்து, முதல் இரண்டு நாள் கனவில்கூட கமா வந்ததாம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய் வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அந்தச் சொல் வந்ததாம். நீங்கள் மெய்ப்பிலிருந்து 'தன் விதி' என்று நிறுத்திப் படித்திருக்கிறீர்கள். அவள், "அண்ணா, இது தலையெழுத்தைச் சொல்றதா? என் விதி, உன் விதிங்கற மாதிரி?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு விளக்கம் சொன்னீர்களாம். அவள் அப்படியே ஒப்பித்தாள். "இது அந்த விதி இல்லை. சட்டம்ங்கற விதி. ஒரு மனுஷி தனக்குத் தானே போட்டுக்கற சட்டம். அதை வேற யாரும் அவளுக்குப் போட முடியாது. அதுக்குப் பேர்தான் சுதந்திரம்." நடுவில் இருக்கும் இடைவெளியை ஒட்டிவிட்டால் அர்த்தம் மாறிவிடும் என்று பென்சிலை அவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

நூற்றுப் பதினாலு இடத்தில் ஒட்டினாளாம். நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஒட்டும்போது, இனி அந்த வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். "யாரும் சொல்லலைடி. நானே எனக்குப் போட்டுக்கிட்டேன்," என்றாள். பதினெட்டு வருடமாக நானும் அடுத்த வீட்டு அம்மாளும் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. அதை நீங்கள் ஒரு அச்சுப்பிழையால் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

ஆனால் மெய்ப்புப் பார்க்கிற எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லா வார்த்தையும் சரியாக இருந்தும் பத்தி தள்ளாடினால், நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொன்னதில் ஒரு வரி இல்லை.

உங்களுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருடம் ஆகிறது. உங்கள் வீட்டுப் படியை அவன் மிதித்ததே இல்லை. அக்கா தோழி வீட்டுக்குப் போவதாகச் சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தாள், அவள் போன் அணைத்தே இருந்தது. அவன் நேராக உங்கள் வாசலுக்கு எப்படி வந்தான்? அக்காவுக்குக் கதவு தட்டிய சத்தம் கேட்கவில்லை. அழைப்பு மணியும் அடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவன் அறைக்குள் நிற்கிறான். வீட்டில் பனியனோடு திரிகிற நீங்கள் அன்று மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தீர்களாம். அவள் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பை வாசல் பக்கம் இருந்ததாம். அதை அங்கே யார் வைத்தது?

தங்கை

*

பிப்ரவரி 20

குட்டி,

உன் கடிதம் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. எனக்கு வகுப்பு இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது, உன்னுடைய மெய்ப்பும் இருக்கிறது. சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.

சட்டை: வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். பை: நடக்க இடைஞ்சலாக இருந்தது, நகர்த்தினேன். கதவு: காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். இதையே எத்தனை தரம் எழுதுவது?

ஒருவரோடு பதினொரு நாள் ஒரே வீட்டில் இருப்பது என்ன என்று விடுதியில் இருக்கும் உனக்குத் தெரியாது. நான் இருபது வருடமாகத் தனியாக இருந்து பழகியவன். அவள் என் சொல்லடைவு அட்டைகளைத் தூசி தட்டுகிறேன் என்று வரிசை மாற்றி வைத்தாள். 'க'வில் இருக்க வேண்டிய 'கடமை' அட்டையைத் தேட எனக்கு ஒரு காலைப்பொழுது போனது. பாத்திரம் கழுவும்போது ஏதோ முனகிக்கொண்டே இருப்பாள். குளியலறையில் அவள் துணி. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அவளை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதே. நூற்றுப் பதினாலு என்று அவள் சொன்னது சரிதானா? நான் எண்ணியபோது நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அண்ணன்

*

பிப்ரவரி 25

அண்ணனுக்கு,

நூற்றுப் பதினாலு. அடிக்குறிப்பில் இரண்டு இருக்கின்றன, நீங்கள் பார்க்கவில்லை.

நேற்று மருந்துக்கடைக்காரனின் பதில் மனு வந்தது. வக்கீலம்மா எனக்குப் படித்துக் காட்டினார். "மனைவியின் மூத்த சகோதரர், கல்லூரிப் பேராசிரியர், ஜனவரி முப்பதாம் தேதி மாலை நான்கு பத்துக்குத் தாமாகவே என்னைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் மனைவி என் வீட்டில் இருக்கிறாள், வந்து அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்." ஆறு நிமிடம் பேசியிருக்கிறீர்கள். அழைப்புப் பட்டியலையும் சேர்த்துத் தாக்கல் செய்திருக்கிறான். உங்கள் எண் இருக்கிறது. சொந்த அண்ணனே சலித்துக்கொண்டு அனுப்பிவைத்த பெண், அதனால் கோளாறு அவளிடம்தான் என்பது அவன் கட்சி.

ஆக, யாரும் வந்து கேட்கவில்லை. அந்த மூத்தவரின் கதையில் கொலைகாரனாவது தானாக நடந்து வந்து கதவைத் தட்டுகிறான். நீங்கள் அவனுக்குப் போன் போட்டு வழி சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கி வாசலில் வைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறீர்கள். இதைப் பூசி மெழுக ஒரு ஜெர்மானியரை வேறு துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டீர்கள். அவர் பிழைத்திருந்தால் காறித் துப்பியிருப்பார். பொய் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதை வைத்தே என்னிடம் மூன்று வாரம் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் கோழைத்தனம் என்று விட்டிருப்பேன். இன்று காலை முதல் மெய்ப்பின் பழைய தாள்களை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு படிவத்தின் கடைசிப் பக்கத்திலும் அக்கா பென்சிலில் தேதியும் நேரமும் எழுதி 'படித்தாயிற்று' என்று போட்டிருக்கிறாள். கடைசிப் படிவத்தின் கீழே இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "30, வெள்ளி, மதியம் 3.30. எல்லாம் முடிந்தது. அப்பாடா."

மூன்றரைக்கு அவள் முடித்தாள். நாலு பத்துக்கு நீங்கள் போன் செய்தீர்கள்.

எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பதை நீங்கள் அந்தப் புத்தகத்தில் எத்தனை விதமாக மொழிபெயர்த்திருக்கிறீர்கள்? அதையெல்லாம் அவள்தான் உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், கமா முற்றுப்புள்ளியோடு. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். படிக்க ஆள் வேண்டியவரை பின்னறை கொடுத்தீர்கள். வேலை முடிந்த நாற்பதாவது நிமிடம் அவள் பையைத் தூக்கி வெளியே வைத்தீர்கள். தாளைக் கீழே வைத்தேன். எழுந்து போய்க் கை கழுவினேன், திரும்ப வந்து உட்கார்ந்து, மறுபடி போய்க் கழுவினேன்.

ஏழாம் அத்தியாயத்தை ஏன் எடுக்கப் பார்த்தீர்கள் என்றும் இப்போது விளங்குகிறது. ஒழுக்கம் கடமை என்று ஒருவன் நீட்டி முழக்கினால், அதற்கடியில் அவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று மோந்து பார்க்கச் சொல்கிறவர் அந்த மீசைக்காரர். மோந்து பார்த்துவிட்டேன். உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு காலி அறை.

பன்னிரண்டாம் தேதி வந்து இதை நீதிபதியிடம் சொல்லுங்கள். அவள் யாருக்கும் தொல்லை தரவில்லை, என் வசதிக்காக நான்தான் கூப்பிட்டேன் என்று. ஒரே ஒரு தடவை உங்கள் மானம் போனால் அவள் பிழைத்துக்கொள்வாள்.

தங்கை

*

மார்ச் 3

குட்டி,

ஐந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன்.

நீ எழுதியிருப்பதில் ஒன்று மட்டும் சரியில்லை. மெய்ப்பு முடியட்டும் என்று திட்டம் போட்டுக் காத்திருக்கவில்லை. அப்படித்தான் தெரிகிறது, எனக்கே இப்போது அப்படித்தான் தெரிகிறது, ஆனால் அன்று மனதில் அப்படி ஒரு எண்ணம் இருந்ததாக நினைவில்லை. வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி என்னைக் கேட்டாள். "அண்ணா, நீ எனக்கு இங்க இடம் குடுத்தது கடமைக்கா, பிரியத்துக்கா?" நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் அதுதான் விஷயம். பிரியத்தால் உதவுகிறவன் தன் சந்தோஷத்துக்காகச் செய்கிறான், பிரியமே இல்லாதபோதும் கடமைக்காகச் செய்கிறவன் செயலுக்குத்தான் மதிப்பு என்று மூத்தவர் சொல்வார். நான் அவளைக் கௌரவப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "கடமைக்குத்தான்" என்றேன். அவள் தாளில் விட்ட வரியில் விரலை வைத்தாள். பிறகு, "சரி, விட்ட இடத்துலேர்ந்து படிக்கறேன், கமா," என்றாள்.

அதற்கப்புறம் அவள் முனகவில்லை. வீடு எனக்குப் பிடித்த மாதிரி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் என்னால் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். சாப்பிட்ட தட்டை நான் எழுந்திருக்கும் முன் கழுவிவிடுவாள். விருந்தாளி மாதிரி நடந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. கை தானாகப் போனை எடுத்தது. இதைச் சுதந்திரமான மனிதனின் செயல் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, தெரியும்.

அவர் அடிப்பார் என்று தெரியுமா என்று கேட்பாய். தெரியும். அவள் வந்த அன்று கழுத்தில் விரல் அடையாளம் நாலும் தனித்தனியாகத் தெரிந்தது.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன். கழுத்து, நடை, அவர் அவளைக் கூட்டிப் போன விதம், எல்லாம். வக்கீலம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. அந்தப் போன் விஷயத்தை அவராக எடுக்க வேண்டாம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. எதிர்த்தரப்பு எடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வரக்கூடும் என்று கேள்வி.

அவளிடம் நான் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் மதிய இடைவேளையிலேயே கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும், சட்டப்படியும் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. கழுத்தில் இருந்த அடையாளத்தையும் அவள் நொண்டியதையும் நீங்கள் நன்றாகத்தான் சொன்னீர்கள். அப்புறம் அவன் வக்கீல் எழுந்து, "நீங்களாவே கூப்பிட்டீங்களா, இல்லையா?" என்று கேட்டார். பின்வரிசையில் உங்கள் கல்லூரிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "மிரட்டினார். மூணு நாளா மிரட்டினார். அவ எங்க இருக்கான்னு சொல்லலைன்னா காலேஜுக்கு வந்து மானத்தை வாங்குவேன்னு சொன்னார். பயந்துபோய்தான் கூப்பிட்டேன்."

அவ்வளவு சுத்தமான பொய்யை நான் பார்த்ததில்லை. எங்கும் ஒரு பிசிறு இல்லை. அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். வக்கீலம்மா மேசைக்கடியில் என் கையை அழுத்தினார், நானும் அழுத்தினேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். நாற்பது நாளாக உங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டவள் நான். நேற்று அந்த நாற்றம் என் மேலிருந்தும் வந்தது. விடுதிக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

நீங்கள் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து நின்றாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி. நீதிபதி என்ன என்று கேட்டார். "ஐயா, அது நடக்கலை. இவரை யாரும் மிரட்டலை. இவரேதான் கூப்பிட்டார். நான் வீட்ல இருந்தது இவருக்குச் சங்கடமா இருந்தது," என்றாள். வக்கீலம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. இது உங்களுக்குச் சாதகமான சாட்சி என்று புரிகிறதா என்று நீதிபதி கேட்டார். "புரியுதுங்க. என் கையை உடைச்சான்ங்கறதுக்குப் பொய் எதுக்கு? கைதான் இருக்கே," என்றாள். நீங்கள் கூண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவள் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இடைவேளையில் வராந்தா பெஞ்சில் வைத்து அவளைக் கண்டபடி பேசிவிட்டேன். பைத்தியமா உனக்கு, கையில் வந்ததைத் தட்டிவிட்டாயே, உள்ளே போனால் அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்றெல்லாம் கத்தினேன். அவள் ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "முதல்ல என்னை வெச்சு வேலையை முடிச்சுக்கிட்டான். இப்ப என்னை வெச்சுத் தன்னை நல்லவனாக்கிக்கப் பாக்கறான். ரெண்டுக்கும் நான்தான் கிடைச்சேனா?" உங்களைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்குள் நீங்கள் படியிறங்கிப் போய்விட்டிருந்தீர்கள்.

பிற்பகலில் மருத்துவர் அறிக்கையைப் படித்தார்கள். அடுத்த வீட்டு அம்மாள் வந்து, கேட்டதையும் பார்த்ததையும் நடுக்கமில்லாமல் சொன்னார். உங்கள் சாட்சியை ஏற்க முடியாது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். கழுத்து அடையாளத்தைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையும் அதோடு போயிற்று. ஆனால் பொய்யான ஆதாயத்தை வேண்டாம் என்று சொன்னவள் அடியைப் பற்றிச் சொல்வதை நம்பலாம் என்று சொல்லி, உத்தரவைக் கொடுத்துவிட்டார். அக்கா மருத்துவமனையிலிருந்து வேறு இடத்துக்குப் போகிறாள். எங்கே என்று எழுத மாட்டேன்.

உத்தரவைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தபோது நீதிபதி நிறுத்தி அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் இருக்குமிடத்தைத் தெரிந்துகொள்ள முயலவோ, அங்கே வரவோ கூடாதவர் என்று கணவர் பெயர் எழுதியிருக்கிறது, வேறு யாராவது உண்டா என்று. வழக்கமாகக் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும். நான் இல்லை என்று தலையாட்டப் போனேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இருக்கார். எங்க அண்ணன்."

உங்கள் பெயரைக் கேட்டார்கள், படிப்போடும் பதவியோடும் சொன்னாள். எழுதிக்கொண்டவர் திரும்ப வாசித்துக் காட்டினார். அவன் பெயருக்கு அடுத்த வரியில் உங்கள் பெயர் இருக்கிறது. சான்றிட்ட நகல் ஒன்றை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன். நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், பிழை ஏதும் இல்லை.

தங்கை